வீட்டிலேயே லேசர் ஹேர் ரிமூவல்: மெஷின் வாங்கும் முன் உங்கள் தோலின் நிறத்தைப் பாருங்கள்!

செல்போனைத் திறந்தாலே அந்த விளம்பரம் வந்து நிற்கிறது. ஒரு பெண் சோஃபாவில் சாய்ந்துகொண்டு, கையில் பிடித்த சின்ன மெஷினைக் காலில் வைத்து அழுத்துகிறார். பளிச் என ஒரு வெளிச்சம். 'பார்லர் செலவு இல்லை, வலி இல்லை, முடி இனி வளரவே வளராது' என்கிறது குரல். சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி, பிரபல கம்பெனி மாடல் என்றால் இன்னும் பல மடங்கு விலை. மாதாமாதம் வேக்சிங், திரெடிங் என்று அலைந்து அலுத்துப்போனவர்களுக்கு இது நல்ல டீலாகத்தான் தெரியும்.

ஆனால் அந்த விளம்பரத்தில் வரும் பெண்ணின் கால் எந்த நிறத்தில் இருக்கிறது என்று கவனித்தீர்களா? பெரும்பாலும் வெள்ளை நிறத் தோல். விஷயமே அங்கேதான் இருக்கிறது. இந்த மெஷின்கள் வேலை செய்வதும், தோலைச் சுட்டுவிடுவதும், இரண்டுமே உங்கள் தோலின் நிறத்தைப் பொறுத்ததுதான். எப்படி? யார் பயன்படுத்தலாம், யார் தொடவே கூடாது? வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

லேசரா, ஐபிஎல்-ஆ?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 'லேசர்' என்ற பெயரில் ஆன்லைனில் விற்கப்படும் வீட்டு மெஷின்களில் பெரும்பாலானவை லேசரே கிடையாது. அவை ஐபிஎல் மெஷின்கள். ஐபிஎல் என்றதும் சேப்பாக்கம் ஞாபகத்துக்கு வரலாம். இது வேறு ஐபிஎல். 'இன்டென்ஸ் பல்ஸ்டு லைட்' என்பதன் சுருக்கம். அதாவது, விட்டு விட்டுப் பாய்ச்சப்படும் அதிக செறிவுள்ள ஒளி.

லேசர் என்பது ஒரே அலைநீளம் கொண்ட ஒளி. உதாரணமாக, கிளினிக்குகளில் இருக்கும் அலெக்சாண்ட்ரைட் லேசரின் அலைநீளம் 755 நானோமீட்டர். டையோடு லேசர் சுமார் 810. என்டி-யாக் லேசர் 1064. ஐபிஎல் அப்படி இல்லை. கேமரா ஃபிளாஷ் மாதிரி, ஏறத்தாழ 500 முதல் 1200 நானோமீட்டர் வரை பல அலைநீளங்கள் கலந்த ஒளி. அதில் தேவையில்லாத பகுதியை ஃபில்டர் வைத்துத் தடுக்கிறார்கள்.

வீட்டு உபயோகத்துக்கு நிஜமான லேசர் மெஷினும் உண்டு. அமெரிக்காவின் 'ட்ரியா' என்ற டையோடு லேசர் அதற்குத் தெரிந்த உதாரணம். ஆனால் எண்ணிக்கையில் ஐபிஎல் மெஷின்களே அதிகம். ஆகவே பெட்டியில் 'லேசர்' என்று பெரிதாக எழுதியிருந்தாலும், உள்ளே இருக்கும் கையேட்டில் என்ன தொழில்நுட்பம் என்று போட்டிருக்கிறது எனப் பாருங்கள்.

ஒளி பட்டால் முடி எப்படிப் போகிறது?

உலகின் முதல் லேசரை 1960-ல் அமெரிக்க இயற்பியலாளர் தியோடர் மைமன் இயக்கிக் காட்டினார். அதைத் தோல் சிகிச்சைக்குப் பாதுகாப்பாக எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு அடிப்படை கிடைத்தது 1983-ல். ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் சொன்ன கோட்பாடு அது. சரியான அலைநீளம், சரியான நேர அளவு, சரியான சக்தி மூன்றும் அமைந்தால், சுற்றியிருக்கும் தோலை விட்டுவிட்டு நாம் குறிவைக்கும் பொருளை மட்டும் சூடாக்க முடியும் என்பதுதான் அதன் சாரம்.

முடி நீக்கத்தில் குறிவைக்கப்படும் பொருள் மெலனின். முடிக்குக் கருப்பு நிறம் தருவது இதுதான். வெயிலில் கருப்புச் சட்டை போட்டால் அதிகம் சுடுமே, அதே கதைதான். ஒளி தோலுக்குள் போகிறது. கருப்பு முடி அதை உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூடு முடி வேரில் இருக்கும் வளரும் செல்களைப் பாதிக்கிறது. அந்த வேர் பலவீனமாகி, முடி மெலிதாகவோ தாமதமாகவோ வளர்கிறது. அல்லது வளர்வதை நிறுத்திவிடுகிறது.

இதிலிருந்தே ஒரு விஷயம் புரியும். முடியில் மெலனின் இல்லை என்றால் ஒளிக்குக் குறியே இல்லை. நரைத்த முடி, வெள்ளை முடி, செம்பட்டை, பூனை முடி போன்ற மெல்லிய வெளிர் முடி ஆகியவற்றில் இந்த மெஷின் பெரிதாக ஒன்றும் செய்யாது.

நம்ம தோலுக்கு ஏன் கூடுதல் கவனம்?

மெலனின் முடியில் மட்டும் இல்லை, தோலிலும் இருக்கிறது. வெள்ளைத் தோலில் கருப்பு முடி என்றால் ஒளிக்குக் குழப்பமே இல்லை, நேராக முடியைப் பிடித்துக்கொள்ளும். மாநிறத் தோலிலோ கருப்புத் தோலிலோ, முடிக்குப் போக வேண்டிய ஒளியின் ஒரு பங்கை மேல் தோலே உறிஞ்சிவிடுகிறது. விளைவு, வேருக்குப் போகும் சூடு குறைகிறது, மேல் தோலில் சூடு ஏறுகிறது. பலன் குறைவு, ஆபத்து அதிகம்.

தோலின் நிறத்தை 6 வகைகளாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோல் என்று ஒன்று உண்டு. ஹார்வர்டு தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975-ல் உருவாக்கியது. வெயில் பட்டால் தோல் சிவந்து எரிகிறதா, கறுக்கிறதா என்பதை வைத்துச் சொல்லப்படுகிறது.

1, 2 வகை: மிக வெள்ளைத் தோல். வெயிலில் எளிதில் சிவந்துவிடும்.
3 வகை: வெளிர் நிறம். கொஞ்சம் சிவந்து, பிறகு மெதுவாகக் கறுக்கும்.
4 வகை: கோதுமை நிறம், வெளிர் மாநிறம். அரிதாகவே சிவக்கும், எளிதில் கறுக்கும்.
5 வகை: மாநிறத்திலிருந்து கருமை வரை.
6 வகை: அடர் கருப்பு.

தமிழ்நாட்டில் நம்மில் பெரும்பாலானோர் 4 முதல் 6 வரைதான் வருவோம். வீட்டு மெஷின்களில் பெரும்பாலானவை 1 முதல் 4 வரையிலான தோலுக்கு என்றே வடிவமைக்கப்பட்டவை. சில மாடல்கள் 5 வரை அனுமதிக்கின்றன. 6-ம் வகைத் தோலுக்கு வீட்டு ஐபிஎல் பொதுவாகவே பரிந்துரைக்கப்படுவதில்லை. இது பயமுறுத்தலுக்காகச் சொல்வது இல்லை. மெஷினோடு வரும் கையேட்டிலேயே கலர் அட்டவணை போட்டு இதைச் சொல்லியிருப்பார்கள். நாம்தான் பெட்டியைப் பிரித்ததும் கையேட்டை ஓரம் கட்டிவிடுகிறோம்.

இன்னொரு விஷயம். ஒருவருடைய உடம்பிலேயே எல்லா இடமும் ஒரே நிறம் கிடையாது. கை முன்பக்கம் மாநிறமாக இருக்கும், அக்குள் கருப்பாக இருக்கும். முட்டி, கணுக்கால், விரல் மூட்டு, தொடை இடுக்கு எல்லாம் இன்னும் கருமை. டூ வீலர் ஓட்டுபவர்களுக்கு வெயில் படும் கைப்பகுதி மட்டும் தனி நிறம். காலுக்கு ஒத்துப்போன செட்டிங்கை அப்படியே அக்குளில் வைத்தால் சுட்டுவிடலாம். ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியாக அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

முடி முழுசா போயிடுமா?

போகாது. குறையும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. இந்த வகைக் கருவிகளுக்குப் பயன்படுத்தும் சொல் 'நிரந்தர முடி நீக்கம்' அல்ல, 'நிரந்தர முடி குறைப்பு'. சிகிச்சைக்குப் பிறகு திரும்ப வளரும் முடிகளின் எண்ணிக்கை நீண்ட காலத்துக்குக் குறைந்திருக்கும் என்பதே அதன் அர்த்தம். எல்லா முடியும் ஒழிந்துவிடும் என்பது இல்லை. அதிலும் வீட்டு மெஷின்களின் சக்தி கிளினிக் மெஷின்களைவிடக் குறைவு. அதனால் வீட்டில் கிடைக்கும் பலனைத் தக்கவைக்க அவ்வப்போது திரும்பச் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

ஏன் ஒரே தடவையில் முடிவதில்லை? நம் முடி எல்லாமே ஒரே நேரத்தில் வளர்வதில்லை. வளரும் கட்டம், நிற்கும் கட்டம், ஓய்வுக் கட்டம் என்று மூன்று நிலைகள் உண்டு. வளரும் கட்டத்தில் இருக்கும் முடியில்தான் ஒளி சரியாக வேலை செய்யும். இன்று நீங்கள் மெஷின் வைக்கும்போது ஒரு பகுதி முடிதான் அந்தக் கட்டத்தில் இருக்கும். மீதி தூங்கிக்கொண்டிருக்கும். அது எழுந்து வரும்போது மறுபடி வைக்க வேண்டும்.

அதனால்தான் ஆரம்பத்தில் வாரம் ஒருமுறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என இரண்டு மூன்று மாதங்கள், அதன் பிறகு மாதம் ஒருமுறை அல்லது தேவைப்படும்போது என அட்டவணை தருகிறார்கள். மாடலுக்கு மாடல் இது மாறும். 'கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு, இப்போ ஆர்டர் போட்டா சரியா இருக்கும்' என்று நினைத்தால் அது தப்புக் கணக்கு. இரண்டு வாரத்தில் பலன் தெரியாது. அவசரத்தில் செட்டிங்கை ஏற்றி வைத்து, முகூர்த்தத்தன்று கையில் தழும்போடு நிற்கும் நிலைதான் வரும்.

வாங்கும் முன் என்னவெல்லாம் பார்க்கணும்?

தோல் அட்டவணை: கம்பெனியின் வெப்சைட்டிலேயே கையேடு இருக்கும். வாங்கும் முன்பே டவுன்லோடு செய்து பாருங்கள். உங்கள் நிறத்துக்குக் கீழே 'வேண்டாம்' என்று போட்டிருந்தால், தள்ளுபடி எவ்வளவு இருந்தாலும் வேண்டாம். தோல் அட்டவணையே இல்லாத மெஷின் என்றால், அதையும் விட்டுவிடுங்கள்.

ஸ்கின் டோன் சென்சார்: நல்ல மெஷின்களில் தோலின் நிறத்தை அளக்கும் சென்சார் இருக்கும். தோல் அளவுக்கு மீறிக் கருப்பாக இருந்தால் ஃபிளாஷ் அடிக்காது. 'மெஷின் ரிப்பேர்' என்று பலரும் ரிட்டர்ன் போடுவது இதனால்தான். உண்மையில் அது ரிப்பேர் இல்லை, உங்களைக் காப்பாற்றுகிறது. விலை மலிவான மெஷின்கள் சிலவற்றில் இந்த சென்சார் இருப்பதே இல்லை. எந்த நிறத்திலும் அடிக்கும். அதுதான் ஆபத்து.

காண்டாக்ட் சென்சார்: மெஷினின் கண்ணாடி தோலில் முழுதாகப் படிந்தால் மட்டுமே ஃபிளாஷ் வர வேண்டும். காற்றில் பிடித்து அழுத்தினாலும் வெளிச்சம் வந்தால் கண்ணுக்கு ஆபத்து.

சக்தி எவ்வளவு: ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை ஜூல் என்பதுதான் உண்மையான அளவு. வெறுமனே 'லெவல் 9' என்று போட்டிருப்பதில் அர்த்தமில்லை. ஒரு கம்பெனியின் லெவல் 5-ம், இன்னொரு கம்பெனியின் லெவல் 5-ம் ஒன்று கிடையாது.

ஃபிளாஷ் எண்ணிக்கை: '9,99,999 ஃபிளாஷ்' என்பதெல்லாம் விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும். ஒரு தடவைக்கு 1,000 ஃபிளாஷ் அடித்தால்கூட, 3 லட்சம் ஃபிளாஷ் 300 தடவைக்கு வரும். அதற்கு மேல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

'எஃப்.டி.ஏ.' முத்திரை: பெட்டியில் 'எஃப்.டி.ஏ. ரிஜிஸ்டர்டு' என்றிருந்தால் அது அனுமதி கிடையாது. கம்பெனி தன் பெயரைப் பதிவு செய்திருக்கிறது, அவ்வளவுதான். மெஷினைப் பற்றிய விவரங்களைப் பரிசீலித்து விற்பனைக்கு வழிவிட்டால் அதற்குச் சொல் 'எஃப்.டி.ஏ. கிளியர்டு'. இரண்டும் ஒன்றல்ல. அதேபோல ஐரோப்பாவின் சி.இ. குறி இருப்பதை மட்டும் வைத்து, இது என் தோலுக்குப் பொருந்தும் என்று முடிவு செய்ய முடியாது.

குளிர்ச்சி வசதி: 'ஐஸ் கூலிங்' உள்ள மெஷின்களில் எரிச்சல் குறைவாகத் தெரியும். ஆனால் வலி தெரியவில்லை என்பதால் தோல் சுடவில்லை என்று அர்த்தமாகாது. கூலிங் இருந்தாலும் தோல் அட்டவணை அட்டவணைதான்.

பயன்படுத்துவது எப்படி? படிப்படியாக…

1. நான்கு வாரங்களுக்கு முன்பே வேக்சிங், திரெடிங், எபிலேட்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். இவை முடியை வேரோடு பிடுங்கிவிடும். வேரில் முடி இல்லை என்றால் ஒளி எதைப் பிடிக்கும்?

2. ஷேவ் செய்யலாம், செய்யவும் வேண்டும். தோலுக்கு மேலே முடி நீட்டிக்கொண்டிருந்தால் ஒளி அதைத்தான் முதலில் கருக்கும். கருகிய வாடை வரும், தோலும் சுடும். 'ஷேவ் பண்ணினா முடி அடர்த்தியா வளரும்' என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அது உண்மையில்லை. ரேசர் தோலுக்கு மேலேதான் வெட்டுகிறது, வேரைத் தொடுவதே இல்லை. வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

3. தோல் சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும். எண்ணெய், மஞ்சள், பவுடர், சென்ட், டியோடரன்ட், மேக்கப் எதுவும் இருக்கக் கூடாது.

4. முதலில் டெஸ்ட். மறைவான ஒரு சின்ன இடத்தில் மிகக் குறைந்த செட்டிங்கில் ஒரு ஃபிளாஷ். பிறகு 24 மணி நேரமாவது காத்திருங்கள். மாநிறத்துக்கு மேல் இருப்பவர்கள் 48 மணி நேரம் காத்திருப்பது நல்லது. சிவப்பு, கொப்புளம், கருமை எதுவும் இல்லை என்றால்தான் அடுத்த கட்டம்.

5. ரப்பர் பேண்டை இழுத்து லேசாகச் சுண்டின மாதிரி ஒரு சுரீர் இருக்கலாம். இளம் சூடும் இருக்கலாம். அதற்கு மேல் எரிந்தால் நிறுத்திவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டிய விஷயம் இல்லை இது.

6. ஒரே இடத்தில் அதே நாளில் திரும்பத் திரும்ப அடிக்கக் கூடாது. 'ரெண்டு தடவை அடிச்சா சீக்கிரம் போகும்' என்பது நடக்காது. தீக்காயம்தான் நடக்கும்.

7. முடிந்த பிறகு அன்று சுடுதண்ணீர்க் குளியல், ஜிம், இறுக்கமான உடை வேண்டாம். அடுத்த ஒன்றிரண்டு வாரம் அந்த இடத்தில் நேரடி வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே போகும்போது முழுக்கை உடை, எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீன்.

எந்த இடத்தில் கூடவே கூடாது?

கண்ணைச் சுற்றி, புருவத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். கண்ணின் கருவிழித் திரையிலும் மெலனின் இருக்கிறது. மூடிய இமை வழியாகவும் ஒளி உள்ளே போகும். புருவத்தில் ஐபிஎல், லேசர் வைத்துக் கண்ணில் வீக்கம், வலி, கருவிழித் திரையில் நிரந்தர பாதிப்பு ஏற்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கன்ன எலும்புக்கு மேலே போகாதீர்கள்.

பச்சை குத்திய இடம், மச்சம், மரு, கரும்புள்ளி ஆகியவற்றில் நிறமி செறிந்திருக்கும். ஒளி பட்டால் கடுமையாகச் சுடும். அதோடு, மச்சத்தின் மேல் ஒளியைப் பாய்ச்சினால் அதன் தோற்றம் மாறிவிடலாம். பின்னால் அதில் ஏதாவது பிரச்னை என்றால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

உதடு, மார்புக் காம்பு, பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதி, புண், சிரங்கு, சொறி உள்ள இடங்களிலும் கூடாது. ஆண்கள் தாடி, மீசைப் பகுதியில் வைக்கக் கூடாது என்று பல கம்பெனிகள் சொல்கின்றன. அங்கே முடி அடர்த்தி அதிகம், சூடும் அதிகமாகும். திட்டுத்திட்டாகவும் போய்விடும்.

யாரெல்லாம் தவிர்க்க வேண்டும்?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள்: இவர்களிடம் சோதித்துப் பார்க்கப்படவில்லை என்பதால் கம்பெனிகளே வேண்டாம் என்கின்றன. கர்ப்ப காலத்தில் வளரும் கூடுதல் முடி பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு தானாகவே குறையும்.

18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள்.

சில மருந்து சாப்பிடுபவர்கள்: பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெடினாயின், டாக்ஸிசைக்ளின் போன்றவை தோலை ஒளிக்கு அதிகம் கூசச் செய்யும். எந்த மாத்திரை சாப்பிட்டாலும், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு மெஷினைக் கையில் எடுக்காதீர்கள்.

லூபஸ் உள்ளவர்கள், ஃபிளாஷ் வெளிச்சத்தில் வலிப்பு வரும் பிரச்னை உள்ளவர்கள், காயம் பட்டால் தடித்த தழும்பு வரும் உடல்வாகு உள்ளவர்கள்.

முகத்தில் ஸ்டீராய்டு கிரீம் போடுபவர்கள்: நிறம் வெளுக்க என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சில கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கிறது. டாக்டர் சொல்லாமல் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துவிடும். அந்தத் தோலில் ஒளி பட்டால் பாதிப்பு அதிகம். அதோடு, முகத்தில் முடி முளைப்பதே அந்த கிரீமின் பக்க விளைவாக இருக்கலாம். முதலில் அதற்கு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

முகத்தில் திடீரென முடியா? மெஷினுக்கு முன் டாக்டர்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால், இதைப் படியுங்கள்.

தாடை, மேலுதடு, கழுத்து, மார்பு, அடிவயிறு ஆகிய இடங்களில் பெண்களுக்குக் கருகருவென்று தடித்த முடி வளர்ந்தால், அது அழகுப் பிரச்னை மட்டும் இல்லை. ஆண்ட்ரோஜன் எனப்படும் ஹார்மோன் அதிகமாக இருப்பதன் அடையாளமாக இருக்கலாம். இதற்கு முக்கியக் காரணம் பிசிஓஎஸ். நம் ஊரில் 'பிசிஓடி' என்று பேச்சில் சொல்கிறோமே, அதுதான். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாகவும், உலக அளவில் பாதிக்கப்பட்டவர்களில் 70 சதவீதம் பேர் வரை தங்களுக்கு இது இருப்பதே தெரியாமல் இருப்பதாகவும் உலக சுகாதார அமைப்பு சொல்கிறது.

மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போவது, தீராத பரு, தலை வகிட்டில் முடி கொட்டுவது, உடல் எடை ஏறுவது, பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் மாதிரி கருமை படர்வது, இவற்றில் ஏதாவது முகமுடியோடு சேர்ந்து இருந்தால், மகப்பேறு மருத்துவரையோ ஹார்மோன் டாக்டரையோ பாருங்கள். ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன் என எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம்.

கண்டுகொள்ளாமல் மெஷினை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? ஒரு பக்கம் நீங்கள் முடியைக் குறைக்க, மறுபக்கம் ஹார்மோன் புது முடியை வளர்த்துக்கொண்டே இருக்கும். அது பரவாயில்லை. முடியை மறைத்துவிட்டதால், பின்னால் இருக்கும் பிரச்னையும் சேர்ந்து மறைந்துவிடும். பிசிஓஎஸ் கவனிக்கப்படாமல் போனால் சர்க்கரை நோய், குழந்தைப்பேறில் தாமதம் என்று அது வேறு வடிவில் திரும்பி வரும்.

சில மாதங்களில் மிக வேகமாக முடி பரவுவது, குரல் கனத்துப்போவது போன்றவை இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. அரிதாக, அட்ரீனல் சுரப்பியிலோ சினைப்பையிலோ கட்டி இருந்தாலும் இப்படி ஆகும்.

இன்னொரு விநோதமும் உண்டு. சிலருக்கு லேசர், ஐபிஎல் வைத்த இடத்தில் முடி குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடும். முகம், கழுத்துப் பகுதியில், மாநிறத் தோல் உள்ளவர்களிடம், ஹார்மோன் பிரச்னை உள்ளவர்களிடம் இது அதிகம் பார்க்கப்பட்டிருக்கிறது. மெல்லிய பூனை முடியைப் போக்கப் போய் கருமுடியை வரவழைத்துக்கொண்ட கதை ஆகிவிடும். முகத்தில் மெஷின் வைக்கும் முன் ஸ்கின் டாக்டரிடம் காட்டுவது இதற்காகவும்தான்.

சுட்டுவிட்டால் உடனே என்ன செய்வது?

லேசான சிவப்பும் சூடும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். அடங்காமல் எரிந்தால், குழாய்த் தண்ணீரை அந்த இடத்தில் 20 நிமிடம் ஓட விடுங்கள். ஐஸ் கட்டியை நேரடியாக வைக்காதீர்கள். டூத்பேஸ்ட், பேனா மை, மாவு, மஞ்சள் எதையும் அப்ப வேண்டாம். கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள். கொப்புளம், தோல் உரிதல், கண்ணாடியின் சதுர வடிவத்திலேயே கருப்புத் தடம், இவை தெரிந்தால் ஸ்கின் டாக்டரிடம் போய்விடுங்கள்.

நம் மாதிரித் தோலில் சின்னச் சூடுகூடக் கருமையான தடமாக மாறும். அது மறையப் பல மாதங்கள் ஆகலாம். அந்த நேரத்தில் வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். சிலருக்கு அந்த இடம் வெளுத்தும் போகலாம். தடம் முழுவதும் மறையும் வரை மறுபடி மெஷினைத் தொடக் கூடாது.

அப்போ கிளினிக்தான் பெஸ்ட்டா?

உங்கள் தோல் 5, 6 வகை என்றால், ஆம். அங்கே என்டி-யாக் லேசர் இருக்கிறதா என்று கேளுங்கள். அதன் 1064 நானோமீட்டர் ஒளியை மெலனின் குறைவாகவே உறிஞ்சும். அது ஆழமாகவும் போகும். அதனால் கருப்புத் தோலுக்கு அதுதான் பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது. ஆனால் மெஷின் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, இயக்குபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தோல் மருத்துவர் இருக்கிறாரா, அவர்தான் செட்டிங்கை முடிவு செய்கிறாரா, முதலில் டெஸ்ட் பேட்ச் போடுவார்களா, உங்கள் மாதவிடாய், மருந்து விவரங்களைக் கேட்கிறார்களா என்று பாருங்கள். எதுவுமே கேட்காமல் நேராக 'பேக்கேஜ்' விலை சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

உங்கள் தோல் 4 வரை, முடி கருப்பு, கை கால் மட்டும் என்றால், சென்சார் உள்ள நல்ல மெஷின் வீட்டில் கைகொடுக்கும். ஆனால் பொறுமை வேண்டும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த ஒளியால் புற்றுநோய் வருமா?
எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அகச்சிவப்பு ஒளியும்தான். இங்கே உடனடி ஆபத்து சூடும், கண் பாதிப்பும்தான்.

நரைமுடிக்கு வேறு வழி?
எலக்ட்ரோலிசிஸ் முறையில் ஒவ்வொரு முடி வேரிலும் மெல்லிய ஊசி வழியாக மின்சாரம் செலுத்தப்படும். நிறம் எதுவாக இருந்தாலும் வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு முடியாக எடுப்பதால் நேரம் அதிகம். பயிற்சி பெற்றவரிடம்தான் செய்துகொள்ள வேண்டும்.

ஒரே மெஷினை அக்கா, தங்கை, அம்மா எல்லோரும் பயன்படுத்தலாமா?
ஒவ்வொருவரும் தங்கள் தோலுக்குத் தனியாக டெஸ்ட் செய்ய வேண்டும். அக்காவுக்கு ஒத்துப்போன செட்டிங் தங்கைக்குச் சுடலாம். ஒவ்வொரு முறையும் கண்ணாடியைக் கையேட்டில் சொன்னபடி துடைத்து வையுங்கள்.

பாதியில் நிறுத்தினால் முடி இன்னும் அதிகமாக வளருமா?
பொதுவாக இல்லை. பாதிக்கப்படாத வேர்களிலிருந்து பழையபடி மெதுவாக வளரும்.

கடைசியாக…

உடம்பில் முடி இருப்பது நோயும் இல்லை, குறையும் இல்லை. எடுப்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். எடுப்பது என்று முடிவு செய்தால், விளம்பரத்தில் வரும் காலைப் பார்க்காமல் உங்கள் காலைப் பாருங்கள். அட்டவணையில் உங்கள் நிறம் இருக்கிறதா, டெஸ்ட் செய்தீர்களா, முகமுடிக்குப் பின்னால் ஹார்மோன் காரணம் இல்லை என்று உறுதி செய்துகொண்டீர்களா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் மட்டும் மெஷினை ஆன் செய்யுங்கள்.

(இது பொதுவான தகவலுக்கான தொகுப்பு மட்டுமே. உங்கள் தோலுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ற முடிவை மருத்துவரிடம் கலந்து பேசி எடுக்கவும்.)